பின் சீட்டிற்கு எத்தனை கிலோ மீட்டர்?

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரும் பின்னால் அமர்ந்திருப்பவரும் பேசிக் கொள்ள உதவும் புளுடூத் இன்டர்காம்கள் ஆன்லைன் கடைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. கம்ப்யூட்டருக்கு ஹெட்செட் வாங்கியவர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. ஹெல்மெட்டிற்குள் இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக். வெளியே பேட்டரியும் பட்டன்களும் கொண்ட சிறு பெட்டி. அவ்வளவுதான். ஆனால் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது தூரம். 500 மீட்டர், 1 கிலோ மீட்டர், அதற்கும் மேல் என்று போட்டி போடுகிறார்கள். உங்கள் பின் சீட்டில் இருப்பவர் அரை மீட்டர் தூரத்தில்தானே இருக்கிறார்? இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பேன். மெஷ் என்ற தொழில்நுட்பமும் அப்படித்தான். பத்துப் பேர் பத்து வண்டிகளில் போனால் அது அருமையான வசதி. ஒரே வண்டியில் இருவருக்கு சாதாரண புளுடூத் போதும்.

இன்டர்காமே ஆடம்பரம்தான் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக் கொள்ள மாட்டேன். 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பின்னால் இருப்பவர் “அடுத்த லெஃப்ட்ல திரும்புங்க” என்று கத்துகிறார். காற்றில் காது கேட்கவில்லை. “என்ன?” என்று தலையைத் திருப்பும் இரண்டு விநாடியில் 33 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள். பணம் கொடுப்பது இதைத் தவிர்க்கத்தான். பாட்டு கேட்பதற்கு அல்ல.

எனவே தூரத்தில் மிச்சம் பிடித்ததை மைக்கில் செலவழியுங்கள். காற்றிரைச்சலைக் குறைத்துக் குரலை மட்டும் அனுப்பும் திறனில்தான் மலிவானதற்கும் நல்லதற்கும் வித்தியாசம் தெரியும். முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் என்றால் தாடைப் பகுதியின் உட்புறம் ஒட்டும் சிறிய வயர் மைக் வேண்டும். முகம் திறந்த ஹெல்மெட்டிற்கு வாய் வரை நீளும் கம்பி மைக். ஓட்டுபவர் ஒரு வகை, பின்னால் இருப்பவர் வேறு வகை ஹெல்மெட் அணிவது நம் வீடுகளில் சகஜம். இரண்டு வகை மைக்கும் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்பீக்கர் காது துவாரத்திற்கு நேர் எதிரே இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் சத்தம் பாதியாகி விடும். நாம் இன்டர்காமைத் திட்டுவோம். காதுப் பக்கம் பள்ளம் இல்லாத ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் காதை அழுத்தி வலிக்கும். அதற்காக உள்ளே இருக்கும் தெர்மாகோலை பிளேடால் வெட்டாதீர்கள். விழுந்தால் அடியைத் தாங்குவதே அந்த தெர்மாகோல்தான். பள்ளம் உள்ள ஹெல்மெட் வாங்குவதே சரி.

இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக, ஜோடியாக விற்கும் பேக்காக வாங்குங்கள். வேறு வேறு கம்பெனிகளையும் இணைக்கலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பெரும்பாலும் ஒரு கருவி இன்னொன்றை மொபைல் போன் என்று எண்ணித்தான் இணைந்து கொள்கிறது. விளைவு, உங்கள் நிஜமான போனை இணைக்கும் இடம் பறிபோகலாம்.

“இரண்டு பேரும் இயர்போன் மாட்டி, போனில் கால் போட்டுக் கொண்டால் போதாதா?” என்று கேட்கலாம். காதை அடைக்கும் இயர்போனில் பின்னால் வரும் லாரியின் ஹாரன் சரியாகக் கேட்காது. மலைப் பாதையில் சிக்னல் போனால் பேச்சும் போகும். இன்டர்காமிற்கு டவரே வேண்டாம். வயர் மூலம் இணையும் பழைய வகையும் உண்டு. பேரிங் தொல்லை அதில் இல்லை. ஆனால் வயரைக் கழற்ற மறந்து வண்டியிலிருந்து இறங்கினால் ஹெல்மெட்டோடு இழுபடும்.

மழைக்கு ஐ.பி.67 என்ற குறியீடு இருந்தால் நல்லது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். கையுறை அணிந்த விரலால் பட்டனைத் தடவிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். வந்ததும் வீட்டுக்குள் “ஹலோ” சொல்லிப் பார்த்து திருப்தி அடைந்து விடாதீர்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இருவரும் ஹெல்மெட் அணிந்து, போக்குவரத்து குறைந்த சாலையில் 60 கி.மீ. வேகத்தில் பேசிப் பாருங்கள். பின்னால் இருப்பவர் ஒரு போன் நம்பரைச் சொல்லட்டும். பத்து எண்களும் தெளிவாகக் கேட்டால் வைத்துக் கொள்ளலாம்.