ஸ்கேன் நார்மல், வலி நிஜம்

"தலைவலிதானே? ஒரு டீ குடிச்சா போயிடும்."

ஒத்தைத் தலைவலி இருக்கிறவங்க யாரும் இந்த டயலாக்கைக் கேட்காம ஹாஸ்டல்ல நாலு வருஷத்தை முடிச்சிருக்க மாட்டாங்க. இன்டர்னல்ஸ் அன்னிக்கு வலி வந்துட்டா இன்னும் மோசம். "கரெக்டா இன்னிக்குத்தான் வந்துச்சா?"ன்னு ஒரு நக்கல் சிரிப்பு. எம்.ஆர்.ஐ. எடுத்து ரிப்போர்ட்ல 'நார்மல்'னு வந்துட்டா கதையே முடிஞ்சுது. மெஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சு, அப்புறம் என்ன வலி?

இந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் என் கட்சி. அதுவும் இன்ஜினியரிங் படிக்கிற நாம கேட்கவே கூடாது.

ஒரு போர்டு அப்பப்போ தானா ரீசெட் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. போட்டோ எடுத்துப் பார்த்தா சோல்டரிங் எல்லாம் பக்கா. அதனால ஃபால்ட்டே இல்லன்னு முடிவு பண்ணுவோமா? பவர் கொடுத்து, ப்ரோப் வெச்சு, ரீசெட் ஆகிற அந்த நொடிக்காக ஆசிலோஸ்கோப் முன்னாடி உட்கார்ந்திருப்போம். வழக்கமா எடுக்கிற எம்.ஆர்.ஐ. அந்த போட்டோ மாதிரி. கட்டி, ரத்தக்கசிவு மாதிரி ஏதாவது இருக்கான்னு பார்க்க அது தேவை. ஆனா மைக்ரேன் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அவங்க பிரச்சினை மூளையோட அமைப்பில் இல்லை, அது வேலை செய்யும் விதத்தில் இருக்கு. அதைப் பார்க்கத்தான் எஃப்.எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் எல்லாம்.

இதில் பெரிய தலைவலி, டைமிங். மைக்ரேன் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வராது. அதனால இந்த ஆராய்ச்சிகளோட கதையே சுவாரஸ்யமானது.

1941-ல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர், தனக்கு மைக்ரேன் வரும்போது பார்வையில் பரவும் மினுமினுப்பையும் மறைப்பையும் அப்பப்போ காகிதத்தில் வரைஞ்சு வெச்சார். அதை வெச்சு கணக்குப் போட்டு, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகருதுன்னு சொன்னார். 1944-ல் பிரேசில்காரரான அரிஸ்டிடிஸ் லியாவ், முயலின் மூளையில் அதே மாதிரி மெதுவா பரவும் ஒரு அலையைக் கண்டுபிடிச்சார். அந்த அலை கடந்துபோன இடத்தில் நரம்பு செல்களோட சிக்னல் கொஞ்ச நேரம் அடங்கிப்போகும். 2001-ல் நுஷின் ஹஜிகானியோட குழு, உடற்பயிற்சி பண்ணினா மைக்ரேன் பார்வைக் கோளாறு வந்துவிடும் என்ற ஒருவரை எஃப்.எம்.ஆர்.ஐ.க்குள் படுக்க வெச்சு, அது ஆரம்பிக்கும்போதே பதிவு பண்ணினாங்க. பார்வைப் பகுதியில் மாற்றம் நகர்ந்த வேகம் நிமிஷத்துக்கு சுமார் 3.5 மில்லிமீட்டர்.

கவனிங்க. அறுபது வருஷம் முன்னாடி பென்சிலும் பேப்பரும் வெச்சு ஒரு நோயாளி சொன்ன கணக்கைத்தான் கோடிக்கணக்கில் விலையுள்ள மெஷின் உறுதிப்படுத்தியது. நோயாளி சொல்றதும் டேட்டாதான்.

2016-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் லாரா ஷுல்ட்டேவும் ஆர்னே மேவும் வேற ரூட்டில் போனாங்க. மைக்ரேன் இருக்கிற ஒரு பெண்ணை 30 நாள் தினமும் ஸ்கேன் பண்ணினாங்க. மூக்கில் அம்மோனியா வாயுவைச் செலுத்தி, அந்தக் காரத்துக்கு மூளை எப்படி பதில் சொல்லுதுன்னு பார்த்தாங்க. அந்த மாதத்தில் மூணு தடவை மைக்ரேன் தானா வந்துச்சு. வலி தொடங்குவதற்கு முந்தின 24 மணி நேரத்திலேயே ஹைப்போதலாமஸ் பகுதியின் இயக்கம் மாறியிருந்தது. தூக்கம், பசி, தாகம் எல்லாத்தையும் கவனிக்கிற இடம் அது. முதல் நாளே கொட்டாவி வருது, எரிச்சலா இருக்கு, இனிப்பு சாப்பிடணும் போல இருக்குன்னு மைக்ரேன்காரங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வந்ததோட இது பொருந்துது.

"சரி, அப்போ எல்லாருக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்து யார் உண்மை சொல்றாங்கன்னு கண்டுபிடிச்சிடலாமே?" முடியாது. எஃப்.எம்.ஆர்.ஐ. நேரடியா நரம்பு சிக்னலை அளக்கிறதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை வெச்சு ஊகிக்குது. நாம பார்க்கிற சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் புள்ளியியல் கணக்கின் விடை. மேலே சொன்ன ஆய்வுகளில் இருந்தவங்களோ ஒருவர், சிலர். தனி ஆளுக்கு 'இவருக்கு மைக்ரேன்'னு முத்திரை குத்துற டெஸ்ட் அது கிடையாது. இன்னிக்கும் டாக்டர் கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டுத்தான் முடிவு பண்றார்: வலி 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்குதா, துடிக்குதா, வாந்தி வருதா, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியலையா?

"பொய் சொல்றவங்க இருப்பாங்களே?" இருப்பாங்க. வயித்துவலின்னும் பொய் சொல்லலாம், பஸ் லேட்டுன்னும் பொய் சொல்லலாம். ஆனா உலகத்தில் சுமார் ஏழு பேரில் ஒருவருக்கு மைக்ரேன் இருக்கு. அறுபது பேர் கிளாஸில் எட்டு பேர்னு வைங்க. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நடிக்கிற ஒருத்தரைப் பிடிக்கிறதுக்காக மீதி ஏழு பேரையும் குற்றவாளி மாதிரி நிக்க வைக்கிறது என்ன நியாயம்?

கல்லூரிகள் செய்யக்கூடியது சிம்பிள். டாக்டர் ஒரு தடவை உறுதி பண்ணிட்டா, அந்த லெட்டர் வருஷம் முழுக்க செல்லணும். ஒவ்வொரு அட்டாக்குக்கும் வாந்தி எடுத்துக்கிட்டே கிளினிக் வாசலில் சர்டிஃபிகேட்டுக்கு நிக்க வைக்கக் கூடாது. இன்டர்னல்ஸ் தவறினா ரீ-டெஸ்ட் தரணும். நமக்கும் ஒரு வேலை இருக்கு. ரூம்மேட் கண்ணை மூடிப் படுத்திருந்தா டியூப்லைட்டை அணைச்சிட்டு, ஸ்பீக்கரை நிறுத்திட்டு, தண்ணி பாட்டிலைப் பக்கத்தில் வெச்சிட்டுப் போங்க. இதுவரை வராத கடுமையான வலி திடீர்னு வந்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்தபடி, டீ வேணுமான்னு கேளுங்க. டீ குடிச்சா போயிடும்னு மட்டும் சொல்லாதீங்க.