அடைக்கலப் பொருளும் ஐந்து நட்சத்திரமும்

அடைக்கலம் என்பது தமிழர் வாழ்வில் எளிய சொல் அன்று. தம்மை நம்பி ஒருவர் ஒப்புவித்ததைக் கண்ணெனக் காப்பதே சான்றாண்மை என முன்னோர் கொண்டனர். ஒப்புவிக்கப்படுவது வாயில்லா உயிராயின் பொறுப்பு இருமடங்காகும். நடந்ததை அது வந்து சொல்லமாட்டாதன்றோ?

யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பூட்டி வெளியூர் செல்வோர், நாய்க்குச் சோறு வைக்குமாறு வேலிக்கு அப்பாலுள்ள அயலாரிடம் சொல்லிப் போவது வழக்கம். அங்கே நம்பிக்கைக்குச் சான்று பல்லாண்டுப் பழக்கம். ஆயின், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது, தம் நாயையும் பூனையையும் முன்பின் அறியாதவரிடம் விட்டுவர நேர்கின்றது. அத்தகைய காப்பாளரைக் காட்டித்தரும் இணைய நிறுவனங்கள் இன்று பல. 2011 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் தோன்றிய றோவர் அவற்றுள் பெயர்பெற்றது. பழக்கம் இருந்த இடத்தில் இப்பொழுது ஐந்து நட்சத்திரம் அமர்ந்துள்ளது. அந்நட்சத்திரத்தை எத்துணை நம்பலாம் என்பதே என் வினா.

தங்குமிடம் தேடித்தரும் எயார்பிஎன்பி தளத்தில் ஏறக்குறைய 95 விழுக்காட்டு இடங்கள் நாலரை அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தன என்று, பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015 இல் காட்டினர். ஒரு வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் முதல் தரத்திற் சித்தியெய்தினால், மாணவரைப் புகழுமுன் வினாத்தாளை ஐயுறுவது ஆசிரியர் கடன். விடுகைப் பத்திரம் ஒவ்வொன்றிலும் 'நல்லொழுக்கம் உடையவர்' என்றே எழுதினால், அத்தொடர் எவரையும் பிரித்துக் காட்டாது. முகங்கண்டு பழகியவரைக் குறைகூற மனம் கூசுகின்றது. நாம் கூறின் அவரும் நம்மைக் கூறுவரோ என்ற அச்சமும் உண்டு.

பிராணிக் காப்பில் இதனினும் பெரிய குறை ஒன்றுளது. விடுதியில் தங்கியவர் தாம் கண்டதைச் சொல்கின்றார். நாயை விட்டுச் சென்றவரோ தாம் காணாததற்குச் சான்று பகர்கின்றார். பணியைப் பெற்றது நாய். புள்ளி இடுபவர் எசமானர்.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை இவ்விடத்தில் நினையத்தக்கது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்புவித்தது பிறர் புகழுரை கேட்டன்று. ஆநிரை ஓம்பும் ஆயர் வாழ்வில் தீங்கில்லை எனத் தெளிந்தே ஒப்புவித்தார். அதே காதையில்தான், குழந்தையைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரியை ஆராயாது கொன்ற பார்ப்பனியின் கதையும் வருகின்றது. செயலை நோக்கித் தெளிக என்பது முன்னதன் பாடம். காத்தவரை அவசரத்தில் தண்டியாதே என்பது பின்னதன் பாடம். நல்ல மதிப்பீட்டு முறைக்கு இரண்டும் வேண்டும்.

எனவே யான் வேண்டுவன நான்கு. முதலாவது, பணி பெற்றவர் மட்டுமே மதிப்புரை எழுதுதல் வேண்டும். இருதரப்பார் எழுத்தும் ஒருங்கே வெளியாதல் வேண்டும். இம்முறையை எயார்பிஎன்பி 2014 இல் மேற்கொண்டது. இரண்டாவது, ஒரு காப்பாளரிடம் மறுமுறையும் தம் பிராணியை ஒப்புவித்தோர் எத்தனைபேர் என்ற கணக்கு, நட்சத்திரத்துக்கு முன்னே நிற்றல் வேண்டும். நாவினாற் புகழ்வது எளிது. மீண்டும் ஒப்புவிப்பதோ செயல். மூன்றாவது, பிராணி தப்பியோடியது, காயமுற்றது, இறந்தது ஆகியவை சராசரியில் கரைந்துபோகாமல், காப்பாளரின் மறுமொழியோடு தனியே பதிவாதல் வேண்டும். நூறு நல்ல நாள்கள் ஓர் இறப்பை மறைத்தல் தகாது; கேளாமலே ஓர் ஏழையின் பிழைப்பைக் கெடுத்தலும் தகாது. நான்காவது, விடும்போதும் மீட்கும்போதும் பிராணியின் எடை, உடல்நிலை, உண்ட உணவு, கொடுத்த மருந்து என்பன இருவரும் ஒப்பமிட்ட குறிப்பாதல் வேண்டும்.

சட்டங்களும் சிறிது சிறிதாக இவ்வழியில் வருகின்றன. வாடிக்கையாளர் குறைகூறலாகாது என வாய்ப்பூட்டிடும் ஒப்பந்த விதிகள் செல்லா என அமெரிக்கா 2016 இல் சட்டம் செய்தது. பொய்ம் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் 2024 இல் தடுத்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 இல் இணைய மதிப்புரைகளுக்கெனத் தனித் தரவிதி வகுத்தது. இவையெல்லாம் மனிதர் பேச்சைத் திருத்துவன. பேசாத உயிருக்கு இவை மட்டும் போதா.

அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் தொங்கவிட்ட ஆராய்ச்சி மணியை, கன்றை இழந்த பசு அசைத்து முறையிட்டது என மகாவம்சம் கூறும். அம்மணியின் சிறப்பு அதன் ஓசையில் இல்லை; பசுவுக்கும் எட்டுமாறு கயிறு கட்டியிருந்ததிலே உள்ளது. இன்றைய நட்சத்திரங்கள் எசமானர்க்கு மட்டுமே எட்டும் உயரத்தில் உள்ளன. எடையும் உணவும் மருந்தும் குறித்த அந்த எளிய ஏடே வாயில்லா உயிருக்கு எட்டும் கயிறாகும். அதனை எழுதி வைக்காத தளத்தில் ஐந்து நட்சத்திரம் மின்னினும், அன்பர்கள் தம் பிராணியை ஒப்புவியாதிருப்பாராக.