கிட்னியைக் கெடுப்பது மாத்திரை அல்ல

“மெட்ஃபோர்மின் சாப்பிட்டா கிட்னி போயிடும்.” ஜொகூர் பாருவில் கல்யாண வீடோ கருமாதி வீடோ, இனிப்பு நீர் என்று பேச்செடுத்தால் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். சாட்சியும் வைத்திருப்பார்: “எங்க மாமா பத்து வருஷமா மாத்திரை போட்டாரு. கடைசியில டயாலிசிஸ்தான்.”

மாமாவின் சிறுநீரகத்தை அரித்தது அந்தப் பத்து வருஷமும் கட்டுக்குள் வராத சர்க்கரை. ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்களை அதுவும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து மெல்ல மெல்லச் சிதைக்கும், வலியே தெரியாது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவுக்காரர்கள். இந்தியர்களிடம்தான் நீரிழிவு மிக அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

பழி மாத்திரையின் மேல் விழுந்ததற்குக் காரணம் உண்டு. மெட்ஃபோர்மின் உருமாறாமல் சிறுநீர் வழியே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்தால் அது உடம்பில் தேங்கும். அதனால் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே இறங்கினால் டாக்டர் அளவைக் குறைக்கிறார். 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுகிறார். வீட்டார் கண்ணில் படுவது நிறுத்தியது மட்டும்தான். “பாத்தியா, டாக்டரே நிறுத்திட்டாரு” என்று ஆரம்பிக்கிற பேச்சு, கொடுத்ததே தப்பு என்பதில் போய் முடிகிறது.

மெட்ஃபோர்மின் வயிற்றைக் கலக்கும், உண்மை. சாப்பாட்டோடு போட்டால், சிறிய அளவில் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கும். நெடுநாள் எடுத்தால் பி12 குறையலாம்; ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். இவற்றை மறைத்து யாரையும் மாத்திரை விழுங்க வைக்க வேண்டியதில்லை. ஆனால் 1957இல் பாரிசில் ஷான் ஸ்டெர்ன் முதன்முதலில் நீரிழிவுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து இது. 1998இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், உடல் பருத்த நோயாளிகளிடம் நீரிழிவு சார்ந்த மரணத்தை 42 விழுக்காடு குறைத்தது.

“மூலிகைதான் பாதுகாப்பு” என்பவர்களுக்கு ஒன்று. மெட்ஃபோர்மினின் வேரே கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் இருக்கிறது. அதன் சத்தை ஒத்த சேர்மத்தை ஆய்வகத்தில் தயாரித்து, அளந்து கொடுக்கிறார்கள். சந்தையில் விற்கும் ஜாமு மூலிகைப் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று யார் அளந்தார்கள்? ஸ்டீராய்டு கலந்த ஜாமுவைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்.

கிட்னியைப் பற்றிப் பயமா? அரசாங்கக் கிளினிக்கில் இஜிஎஃப்ஆர் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா என்று கேளுங்கள். அந்த இரண்டு விடையும் கைக்கு வருமுன் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த உறவினருக்கும் கிடையாது.