மலைப்பாதையில் பேசும் பெட்டிகள்

ஹட்டனில் ஏறிய வாடகை வான் அது. தலவாக்கலைக்குப் போகவேண்டியிருந்தது. சாரதி சாவியைத் திருகியதும், முன்னாலிருந்த பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மிகப் பணிவாக ஏதோ கூறியது.

"என்ன தம்பி சொல்கிறது?" என்று கேட்டேன்.

"வணக்கம் சொல்லுது போல ஐயா. மூணு வருசமா தெனமும் சொல்லுது."

வணக்கம் அன்று. ஜப்பானில் வசிக்கும் நண்பர் ஒருவர் பின்னர் விளக்கினார். அதிவேகப் பாதையில் கட்டணம் செலுத்துவதற்கான அட்டை செருகப்படவில்லை என்று அந்தக் குரல் எச்சரிக்கிறதாம். ஜப்பானில் ஓடித் தேய்ந்து இலங்கைக்கு வந்த வாகனங்கள் பலவற்றில் இக்குரல் இன்றும் கேட்கிறது. கொட்டகலையையும் பத்தனையையும் கடந்து, டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவு வரை, திம்புள்ளப் பள்ளத்தாக்கில் அட்டை கேட்கும் வாயில் எதையும் நான் கண்டதில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பெட்டியின் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சி இருக்கிறது. ஜப்பானியர் 1996 ஏப்ரலில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினர். நெரிசல், விபத்து, பாதை மூடல் ஆகிய செய்திகளைப் பண்பலை வானொலி அலைகள் மூலமும் வீதியோரக் கருவிகள் மூலமும் ஓடும் வாகனத்துக்கே அனுப்பும் முறை அது. ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல், புதிய வகைக் கார்கள் மோதினால் தாமாகவே 112 என்ற அவசர எண்ணை அழைக்கவேண்டும் என்பது சட்டம். வாகனத்துக்கு உள்ளிருப்பவனுக்கு, அவனுக்குப் புரியும் விதத்தில், உரிய நேரத்தில் செய்தி சேரவேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை.

நம் நாட்டுக்கு வருவோம். 2025 மே 11 அன்று கதிர்காமத்திலிருந்து குருநாகல் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் வீழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் செயற்கை நுண்ணறிவுக் கமெராக்களைப் பற்றி அரசு பேசத் தொடங்கியது. சாரதி கண்ணயர்கிறாரா, தொலைபேசியை எடுக்கிறாரா என்று அவை பார்த்து எச்சரிக்குமாம். நல்லதுதான். தூங்கும் சாரதியை எழுப்புவதை எவரும் எதிர்க்கமாட்டார்கள். நான் கேட்பது வேறு. அந்தப் பெட்டி எந்த மொழியில் பேசப்போகிறது?

"தொழில்நுட்பத்தில் மொழிப் பிரச்சினையைக் கொண்டுவராதீர்கள்" என்று கொழும்பிலிருக்கும் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். நான் கொண்டுவரவில்லை. ஆராய்ச்சியாளர்களே கொண்டுவந்துவிட்டார்கள். அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டலைப் பாருங்கள். வாகனத்துக்குள் உள்ள திரையைச் சாரதி ஒரு தடவையில் 2 வினாடிக்கு மேல் பார்க்க நேரக்கூடாது. ஒரு வேலைக்காக மொத்தம் 12 வினாடிக்கு மேல் கண்ணைப் பாதையிலிருந்து எடுக்கக்கூடாது என்கிறது அது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் 2 வினாடியில் வாகனம் 22 மீற்றர் ஓடிவிடும். ரதல்லைக் குறுக்குவழியில் 22 மீற்றர் என்றால் என்னவென்று அப்பாதையில் பயணித்தவர்களுக்குத் தெரியும். அங்கேதான் 2023 ஜனவரி 20 அன்று பஸ் மோதி, வானில் வந்தவர்களும் முச்சக்கரவண்டிச் சாரதியுமாக ஏழு பேர் இறந்தனர்.

தனக்குப் பழகாத எழுத்தை ஒருவன் எழுத்துக்கூட்டி வாசிக்க எத்தனை வினாடி ஆகும்? மலையகத்துச் சாரதிகளில் பெரும்பாலோர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். அதே சரளத்தோடு வாசிப்பவர்கள் குறைவு. ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே தமிழ் இல்லாத திரை ஹட்டன் பாதையில் ஒரு பழுதான கருவி. தடுப்புக் கட்டை தேய்ந்த பஸ்ஸைப் பாதையில் விடமாட்டோம் என்கிறோமே, இதை மட்டும் எப்படி விடுவது?

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். சாரதிக்கு மட்டுமே என்றால், சிங்களத்தில் ஒலியாக எச்சரித்தாலும் அவருக்கு விளங்கிவிடும். ஆனால் பஸ்ஸில் சாரதி மட்டுமா இருக்கிறார்? தோட்டத்திலிருந்து மருந்து வாங்க வந்த கிழவி இருக்கிறாள். "இந்தச் சரிவில் நிற்கவேண்டாம், இறங்கி அந்தப் பக்கம் நடங்கள்" என்ற வாக்கியம் அவளுக்கும் எட்டவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. பஸ்ஸில் அமர்ந்திருப்பவருக்குத் தான் எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? பஸ்ஸின் இருப்பிடம் அறிந்த கருவிக்குத் தெரியும். இத்துறையின் ஆராய்ச்சி நமக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பயன் அதுவே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த அனர்த்தத்தில், எச்சரிக்கைகள் தமிழில் போதியளவு வரவில்லை, வந்தவையும் தாமதமாக வந்தன என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. அதற்குப் பிறகுமா மொழியை ஓர் அலங்காரமாகப் பேசுவது?

சட்டம் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. 1987 இன் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்கிறது. அந்த 'உம்'மை வைத்துக்கொண்டு நாம் எத்தனை ஆண்டுகளாக மனு எழுதுகிறோம்!

கருவி கிடைக்காது என்ற சாக்கும் செல்லாது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2022 டிசம்பரில் தன் பேருந்துகளில், அடுத்த தரிப்பிடத்தை இருப்பிடம் அறிந்து தமிழில் அறிவிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. கண்டியில் ஓடும் பஸ்களின் இருப்பிடத் தரவுகளை வைத்து மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயண நேரத்தைக் கணித்திருக்கிறார்கள். அறிவு இருக்கிறது, ஆளும் இருக்கிறார். ஒலிபெருக்கிகூட இருக்கிறது. மலையகத்துத் தனியார் பஸ்ஸில் காது கிழியச் சினிமாப் பாட்டுப் பாடுகிறதே, அதுதான்! (உண்மையில் நம்மிடம் உள்ள மிகச் சிறந்த தகவல் முறைமை மிதிபலகையில் தொங்கும் நடத்துநரே. அவர் இரண்டு மொழியிலும் கத்துவார். அவருக்கு மண்சரிவுச் செய்தியை அனுப்புவோர்தான் இல்லை.)

இதை வாசிப்பவர்களில் ரொறன்ரோவிலும் மியூனிக்கிலும் வாகன மென்பொருள் எழுதுவோர் இருக்கிறீர்கள். ஒரு கருவியில் இன்னொரு மொழியைச் சேர்ப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கை இரண்டு பக்கத்தில் எழுதிப் போக்குவரத்து அமைச்சுக்கு அனுப்புங்கள். கருவி வாங்குவதற்கான அடுத்த விலைமனுக் கோரல் வெளிவருவதற்கு முன்னர் அனுப்புங்கள். வெளிவந்த பிறகு அனுப்பினால், "ஒப்பந்தம் முடிந்துவிட்டது" என்ற பதில் வரும். அதுவும் சிங்களத்தில் வரும்.