வெட்டுத்தாளும் கலையே

தூரிகை பிடிப்பவன் கலைஞன். ஸ்ரென்சில் தாளை வெட்டுபவன் வெறும் தொழிலாளி என்போர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களை நாம் வினவுகின்றோம்: தூரிகையும் கையிலன்றோ இருக்கின்றது?

யப்பானின் இசே பகுதித் தொழிலாளர், முசுக்கட்டை நார்த் தாள்களைப் பனிச்சை இனத்துப் பழச்சாற்றால் ஒட்டி, அலையையும் மலரையும் அவற்றில் வெட்டினர். கிமோனோத் துணிகளுக்குக் கோலம் தந்தவை அத்தாள்களே. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அவற்றை வியந்து சேகரித்தனர். வெட்டியவர்களுட் பெரும்பாலோரின் பெயரை எவரும் குறித்து வைத்திலர். 1955இலேயே யப்பானிய அரசு அத்தொழிலைப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

நம் மாணவனும் ஈரப்பலா இலையொன்றை எடுக்கட்டும். நிறத்துக்கொரு தாள் வெட்டி, அக்ரிலிக் வர்ணத்தை நீர் சேர்க்காது ஒற்றட்டும்: முதலில் இளம்பச்சை, அது காய்ந்தபின் கரும்பச்சை, இறுதியில் நரம்பு. எதை வெட்டுவது, எதை விடுவது என்று துணிய இலையை உற்று நோக்கியாக வேண்டும். அந்நோக்கே கலையின் தொடக்கம்.

ஒருமுறை வெட்டிய தாள் பல வீடுகளுக்குப் படம் தரும். செல்வரின் சுவரில் தனித்துத் தொங்குவதே கலை என்போர்க்கு இது கசக்கும். கசக்கட்டும்! சித்திர வகுப்பில் வெட்டுத்தாளுக்கும் இடம் வேண்டும். அதனை வெட்டும் கைக்கு மதிப்பும் வேண்டும்.