வாக்கு உண்டு, வளவு இல்லை

மீரியபெத்தை என்னும் பெயரை 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதிக்கு முன்னர் எம்முட் பலர் கேட்டறிந்ததில்லை. பதுளை மாவட்டத்திலே, கொஸ்லந்தைக்கு மேலே, மலைச்சரிவோடு ஒட்டிக் கிடந்த தேயிலைத் தோட்டப் பிரிவு அது. அன்று காலை, மழையில் ஊறிய மலை பெயர்ந்து இறங்கிற்று. லயங்கள் நிரை நிரையாக மண்ணுள் மறைந்தன, கோயிலும் மறைந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. சிலருக்குத் தாய் தந்தையரும் இல்லை.

இது இயற்கையின் கொடுமை என்று கூறிப் பெருமூச்சு விட்டு, அடுத்த செய்திக்குச் சென்றோர் பலர். நாம் அவ்வாறு செல்ல விரும்பவில்லை. அச்சரிவு அபாயமானது, அங்குள்ள மக்களை அகற்ற வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலும் மீண்டும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அச்செய்தியை அறிந்த கமக்காரப் பெரியவர் ஒருவர் எம்மைப் பார்த்து, "மலை விழும் எண்டு சொன்ன பிறகும் ஏன் தம்பி அதுக்குள்ளயே கிடந்தவை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வடக்கிலே தமக்கென்று ஒரு துண்டு வளவு உள்ள எவருக்கும் எழக்கூடிய கேள்வியே அது. அதற்கான விடையை இங்கு கூற முற்படுகிறோம்.

விடை இதுதான்: போவதற்கு அவர்களுக்கென்று ஓர் அங்குல நிலம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் கிணறு உவர்த்தால், கூரை சரிந்தால், அவர் தமையனின் காணியிலே ஒரு கொட்டில் போடுவார். சீதனக் காணியை ஈடு வைப்பார். ஒரு பரப்பை விற்று வேறிடத்தில் குடியேறுவார். அவர் கையில் உறுதி இருக்கிறது. லயத்திலே பிறந்து, லயத்திலே மணமுடித்து, லயத்திலேயே கண்மூடும் தொழிலாளியிடம் ஈடு வைக்கவோ விற்கவோ பங்கிடவோ எதுவும் இல்லை. அவர் தமையனும் அதே நிரையில் அடுத்த காம்பராவில் இருப்பவரே.

லயம் என்றால் என்ன என்பதை நேரிற் காணாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். நீண்ட ஒரே கட்டடம். அதைக் குறுக்குச் சுவர்களாற் பிரித்த அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு; பழைய லயங்களிலே ஒரு குடும்பத்துக்கு உரியது இவ்வளவே. மகன் மணமுடித்தால் சேலையொன்று நடுவே திரையாகத் தொங்கும். விடியுமுன் பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டுத் தாய் மலைக்கு ஏறுவாள். குறித்த அளவு கொழுந்து நிறையாவிட்டால் அவளுக்கு அரைப்பேர்தான். மழைக்காலத்திலே நோயாளியைக் கீழுள்ள பெருந்தெருவுக்குக் கொண்டு சேர்ப்பதே ஒரு யாத்திரை. அவள் பறித்த கொழுந்து லொறியேறி, தொழிற்சாலை சென்று, கப்பலேறி உலகைச் சுற்றும். அவளுடைய வீட்டுக்கு மட்டும் இன்றும் முகவரி தோட்டத்தின் பெயரே.

இந்நிலை நேற்றுத் தோன்றியதன்று. 1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள் அவர்கள். ஜேம்ஸ் ரெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலத்தில், அம்மக்களின் இரண்டாம் தலைமுறை இம்மண்ணிற் பிறந்துவிட்டது. நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் வாக்குரிமையையும் பறித்தன. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாக்கிற்று. சந்தையிலே மூடைகளைப் பிரிப்பது போன்று மனிதரைப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னரே நாடற்றோர் பிரச்சினைக்கு ஒரு முடிவு வந்தது.

இன்று அவர்கள் பிரசைகள், வாக்காளர்கள். தேர்தல் காலத்தில் எந்தக் கட்சியின் வாகனமும் ஏறாத தோட்டப் பாதை இல்லை. ஆயினும் பிரசாவுரிமையோடு கூடவே வந்திருக்க வேண்டிய ஒன்று வரவில்லை. வாக்கு வந்தது, வளவு வரவில்லை.

சட்டத்தின் கண்ணில் இம்மக்களின் இருப்பிடம் ஓர் ஊரன்று என்பதை நாம் வலியுறுத்திக் கூற விரும்புகிறோம். அரசாங்கத்தின் புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாக வகுக்கிறது. இருபது ஏக்கருக்குக் குறையாத பயிர்நிலமும், பத்துப் பேருக்குக் குறையாத குடியிருப்புத் தொழிலாளரும் உள்ள இடம் தோட்டம். நூற்றைம்பது ஆண்டுகள் மக்கள் வாழ்ந்து, கோயில் கட்டி, கூத்தாடி, முன்னோரைப் புதைத்த இடமும் அவ்வகுப்பிலே கிராமமாகாது. இது வெறும் பெயர்ப் பிரச்சினை என்று எண்ண வேண்டா. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புக்குள் செலவிட முடியாதிருந்தது. தோட்டத் தொழிலாளி சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவ்வுறுப்பினர் அத்தொழிலாளியின் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் போட முடியாது. இவ்விசித்திரம் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

நிலத்தின் கதை இதனினும் கடினமானது. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்ட பின்னரும் நிலம் அரசின் நிலமே, கம்பனிகள் குத்தகைக்காரரே. இனி, 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீட்டற் சட்டத்தைப் பாருங்கள். இச்சட்டத்தின் கீழ் நீதவான் முன் அழைக்கப்படும் ஒருவர், செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்து மூலமான வேறு அதிகாரமோ தம்மிடம் உண்டென்று மட்டுமே காட்டலாம் என 9ஆம் பிரிவு கூறுகிறது. "என் பாட்டன் இங்கே பிறந்தான்" என்பது அங்கே விடையாகாது. "இம்மண்ணைக் கொத்திப் பண்படுத்தியவர் நாங்கள்" என்பதும் விடையாகாது. காகிதம் உண்டா, இல்லையா? இதுவே கேள்வி. தலைமுறை தலைமுறையாக அக்காகிதத்தை ஒருவரும் கொடுக்காத மக்களிடம் அதைக் கேட்பது எவ்வகை நீதி?

இந்த இடத்திலிருந்து மீரியபெத்தையைத் திரும்பிப் பார்த்தால், பெரியவரின் கேள்விக்கு விடை தெளிவாகிறது. எச்சரிக்கைக் கடிதம் ஒரு குடும்பத்துக்கு வெளியேறு என்று சொல்லலாம். எங்கே குடியேறுவது என்று சொல்லாது. நிலத்தைத் தர வேண்டியவர் அரசு. நிலத்தை வைத்திருப்பவர் கம்பனி. அதிலே வாழ்பவர் தொழிலாளி. ஒருவர் மற்றவரைக் கைகாட்ட, மலை காத்திருக்கவில்லை. தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கவைக்கப்பட்டனர். 2016ஆம் ஆண்டிலேயே பூனாகலைப் பகுதியில் அவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் வீடிழந்த பின் கிடைத்த நிலம், அதற்கு முன் ஏன் கிடைக்கவில்லை?

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களிலே மலைகள் மீண்டும் சரிந்தன. அப்போதும் அதே கேள்வியே எழுந்தது. இடிந்த வீட்டுக்கான நட்டஈடு வீட்டுக்காரருக்கு உரியது. லயத்துக்கு வீட்டுக்காரர் யார்?

அரசாங்கங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் நிலம் என்னும் கொள்கை அண்மைக் காலத்தில் ஏற்கப்பட்டது. இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000, பின்னர் 10,000 என வீட்டுத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையொன்றை நிறுவிற்று. நாட்கூலியும் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இவற்றை வரவேற்கிறோம். ஆயினும் கூலி ஒவ்வொரு தேர்தலிலும் பேசப்படும் பொருளாகிவிட்டது. காணி அதன் நிழலில் மறைந்துவிட்டது. கூலி வேலை உள்ள நாளுக்கு மட்டுமே வரும். உறுதியோ வேலை நின்ற பின்னும் நிற்கும், மகளுக்குச் செல்லும், வங்கியிற் பேசும், நீதிமன்றத்திலும் பேசும்.

ஏழு பேர்ச் என்பது எவ்வளவு? எமது கமக்கார வாசகர்களுக்கு அதை எளிதாகக் கூறலாம். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. ஆகவே குடும்பமொன்றுக்குக் கேட்கப்படுவது ஒரு பரப்புக்கும் குறைவு. வீடு ஒன்று, கிணற்றடி போன்ற சிறு முற்றம், நாலு கத்தரிக் கன்று, ஒரு கோழிக்கூடு. இதைக் கொடுத்தாற் தேயிலைத் தொழில் அழிந்துவிடும் என்று சொல்வோர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஆயிரம் குடும்பங்களுக்கு 7,000 பேர்ச். அதாவது 43¾ ஏக்கர். பாதைக்கும் பாடசாலைக்கும் மயானத்துக்கும் அதேயளவு ஒதுக்கினாலும் 90 ஏக்கரை எட்டாது. செய்கை பண்ணாமற் காடேறிக் கிடக்கும் தேயிலை மலைகளைக் கண்டவர்கள், நிலம் இல்லை என்னும் வாதத்தை ஏற்கமாட்டார்கள்.

மலைநாட்டுச் சிங்களக் கிராமவாசியும் நிலமற்றவர்தாமே என்று கேட்போரும் உண்டு. உண்மையே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் அவருடைய சேனையையும் மேய்ச்சல் நிலத்தையும் பறித்துத் தோட்டக்காரருக்கு வழிவிட்டது. கண்டிய விவசாயிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு ஆணைக்குழு அறிக்கை அவர் துயருக்குச் சாட்சி. அவருடைய நிலத்தை எடுத்தவர் லயத்தில் இருப்பவர் அல்லர். இருவரையும் ஒரே கை வருத்திற்று. கிராமத்தார் காணியில் ஒரு சாணும் நாம் கேட்கவில்லை. அவருக்கும் நிலம் கொடுங்கள், இவருக்கும் கொடுங்கள்.

பிறரைக் கேட்கும் நாம் எம்மையும் கேட்க வேண்டும். மலையகத் தமிழரின் பிரசாவுரிமை பறிபோன அந்நாட்களில், பாராளுமன்றத்திலே ஆதரவாக உயர்ந்த கைகளுள் தமிழ்ப் பிரதிநிதிகள் சிலரின் கைகளும் இருந்தன. 1977ஆம் ஆண்டு வன்செயல்களுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களை நாம் எப்படி வரவேற்றோம்? வயல் வேலைக்கு ஆள் வந்தது என்று மகிழ்ந்தவர்கள் எத்தனை பேர். அயலவர் வந்தனர் என்று எண்ணியவர்கள் எத்தனை பேர்? அங்கும் உறுதியின்றி வாழும் குடும்பங்கள் உண்டு. லயத்தைக் கண்டிக்கும் நாக்கு, நம் வயலோரத்துக் கொட்டிலைப் பற்றி மௌனம் காப்பது அறமாகாது.

ஆகவே நாம் கோருவன இவை. அபாயமானவை என்று குறிக்கப்பட்ட சரிவுகளில் உள்ள லயங்களுக்கே முதலிடம் தந்து, மாற்று நிலத்தை அளந்து ஒதுக்குக. வீட்டுத் திறப்போடு உறுதியையும் கொடுக்க. அவ்வுறுதி காணிப் பதிவகத்திற் பதியப்பட்டு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க. ஒவ்வொரு தோட்டப் பிரிவையும் கிராமமாக அறிவித்து, பாதைக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் இடுக. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த அதிகாரத்தைப் பிரதேச சபைகள் தம் வரவு செலவுத் திட்டத்திற் காட்டுக.

இவற்றுக்கு அரசை நெருக்குவது ஒரு பக்கம். மறுபக்கம் எம் வாசகர்களிடம் உள்ளது. எம்மிடையே நில அளவையாளர் உண்டு, நொத்தாரிசுகள் உண்டு, சட்டத்தரணிகள் உண்டு, கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றோர் உண்டு. காணிக் கச்சேரிக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, அனுமதிப்பத்திரத்துக்கும் உறுதிக்கும் பேதம் யாது, அழைப்பாணை வந்தால் எத்தனை நாளுள் யாரிடம் செல்வது என்பவை தோட்டப் பாடசாலை மண்டபத்திலே ஒரு ஞாயிறு பிற்பகலில் விளக்கக்கூடியவை. மேடைப் பேச்சுக்கு மலையேறியவர்கள், ஒருமுறை அளவைச் சங்கிலியோடும் விண்ணப்பப் படிவங்களோடும் ஏறட்டும்.

மழை ஆண்டுதோறும் வரும். அபாய எச்சரிக்கைகளும் வரும். அடுத்த முறை அவ்வெச்சரிக்கையைக் கேட்கும் குடும்பம், பெட்டியை எடுத்துக்கொண்டு தனக்கென்று அளந்து பதியப்பட்ட ஒரு வளவை நோக்கி நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குக் கேட்கப்படுவது ஒரு பரப்புக்கும் குறைந்த நிலம்.