‘நிறுத்துங்க’ன்னு யார் சொல்றது? புதுச்சேரி கட்டட வேலைகளில் விடுபட்டுப்போன ஒரு உரிமை

மரப்பாலம் வழியாக எத்தனையோ முறை வண்டியில் போயிருப்பீர்கள். 2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. அங்கே வசந்த் நகரில் வாய்க்கால் வேலைக்காகத் தொழிலாளர்கள் பள்ளத்தில் இறங்கியிருந்தார்கள். ஒட்டியிருந்த மின்துறை வளாகத்தின் சுற்றுச்சுவர் அவர்கள் மேல் சரிந்தது. ஐந்து பேர் இறந்துபோனார்கள். அரியலூர் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஜனவரியில், ஆட்டுப்பட்டியில் உப்பனாறு வாய்க்கால் வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய மூன்று மாடி வீடு அப்படியே சாய்ந்தது. கிரகப்பிரவேசம் நடக்கவிருந்த வீடு. உள்ளே ஆள் இல்லாததால் உயிர் போகவில்லை. அந்த வீடியோவை நாம் எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தோம். பாடம் மட்டும் ஃபார்வர்டு ஆகவில்லை.

பள்ளம் தோண்டுவதைச் சின்ன வேலை என்று நினைக்கிறோம். பத்தாவது மாடியில் சாரத்தில் நிற்பவரைப் பார்த்தால் நமக்கே வயிறு கலங்கும்; ஆறடிக் குழியில் நிற்பவரைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. ஆனால் ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனம். ஒரு சின்ன காரின் எடை. இடுப்புவரை புதைந்தாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது, மார்புவரை மூடினால் மூச்சு விட முடியாது. பழைய சுவர்களுக்கு அஸ்திவாரம் ஆழமாக இருக்காது. பக்கத்து மண்தான் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மண்ணை எடுத்துவிட்டால்? கடலோர ஊரின் மணலும், மேலேயே நிற்கும் நிலத்தடி நீரும் சேர்ந்துகொண்டால்?

இதற்கு வழி தெரியாமல் இல்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கவாட்டில் பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும், தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவிக்கக் கூடாது, ஏறி வர ஏணி வேண்டும். பல வருடங்களாக விதியில் இருப்பதுதான். ஆனால் முட்டுக் கொடுக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாள் கூலியை யார் தருவது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

டெண்டர் எடுத்தவர் ஒருவர். அவரிடம் சப் கான்ட்ராக்ட் எடுத்தவர் இன்னொருவர். அவருக்குக் கீழே ஆள் கூட்டி வரும் மேஸ்திரி. கடைசியில் குழியில் நிற்கும் சித்தாள். மண் விரிசல் விடுவதை முதலில் பார்ப்பது இந்தக் கடைசி ஆள்தான். “அண்ணே, சுவர் ஆடுது”ன்னு அவர் சொல்வார். “பாத்துக்கலாம்பா, ரெண்டடிதானே பாக்கி” என்று பதில் வரும். அதற்கு மேல் பேசினால் நாளைக்கு வேலை இல்லை. ஹெல்மெட் வாங்கிக் கொடுப்பதும், கேட்டில் ‘பாதுகாப்பே முதன்மை’ போர்டு மாட்டுவதும் பாதுகாப்புக் கலாசாரம் இல்லைங்க. அந்தச் சித்தாள் சொன்னால் வேலை நிற்குமா, நின்றாலும் கூலி வருமா, அதுதான் கேள்வி.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்து தெரிந்தால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்கிறது. தெரிவிக்கலாம், அவ்வளவுதான். வேலையை விட்டு விலகி நிற்கும் உரிமையை அது வெளிப்படையாகத் தரவில்லை. பிரான்ஸில் 1982-லேயே அதைச் சட்டமாக்கிவிட்டார்கள்: உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி விலகிக்கொள்ளலாம், சம்பளம் பிடிக்கக் கூடாது. அப்போது நம்ம ஊரில் பிரெஞ்சு ஆட்சி முடிந்து பல வருடம் ஆகியிருந்தது. தெருப் பெயர்கள் நமக்கு வந்தன, இது வரவில்லை. 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர்களைப் பறிகொடுத்து எட்டு மணி நேர வேலையை வாங்கிய ஊர் இது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கதை என்று ஒதுக்க வேண்டாம். 50 லட்சத்துக்குள் கட்டும் சொந்த வீடு, பத்துப் பேருக்குக் குறைவான ஆட்கள் செய்யும் வேலை, இரண்டையுமே சட்டம் கட்டட வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டச் சொல்லும் நீங்கள்தான் அங்கே முதலாளி. ஆய்வாளர் யாரும் வரப்போவதில்லை.

அதனால் அக்ரிமென்ட் போடும்போதே முட்டுப் பலகைக்கான செலவைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ‘எல்லாம் சேர்த்துத்தான் சார்’ என்று கான்ட்ராக்டர் சொன்னால், அது சேராது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டுவதாக இருந்தால் முதலில் இன்ஜினீயரை வரச் சொல்லிக் காட்டுங்கள். மழை பெய்த மறுநாள் குழிக்குள் யாரையும் இறக்க வேண்டாம், அன்றைய கூலி நான் தருகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். மற்ற ஆட்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.